கடைமடையின் மாடு: உம்பளச்சேரி இனம் உருவானதும் ஒதுங்கியதும்

கல்லணையைத் தாண்டியதும் பல கிளைகளாகப் பிரியும் காவிரி, கடலை நெருங்க நெருங்க ஆறு என்ற தோரணையை இழந்து, வாய்க்காலுக்கும் வடிகாலுக்கும் வேறுபாடு தெரியாத நீர்வழியாகிவிடுகிறது. திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம் போனால், அரிச்சந்திரா நதி, அடப்பாறு, முள்ளியாறு என்ற பெயர்களில் ஓடுவது பாசன நீரா, வெள்ள வடிநீரா என்பதை மாதத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆடி ஆவணியில் இங்கே தண்ணீர் வந்து சேராது. ஐப்பசி கார்த்திகையில் வந்த தண்ணீர் வெளியேறாது. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்து வண்டல் நிலத்தைப் போல உழவுக்கு இளகிக் கொடுக்கும் மண்ணும் இதுவன்று. காய்ந்தால் பாளம் பாளமாக வெடித்துக் கல்லாகும், நனைந்தால் முழங்காலைப் பிடித்து இழுக்கும் கனத்த களிமண் இது. கோடையில் நிலத்தடி நீர் உவர்த்துப்போகும். இந்த மண்ணில்தான் உம்பளச்சேரி மாடு என்ற இனம் உருவாயிற்று. அதன் உடலில் இருக்கும் ஒவ்வொரு கூறுக்கும் இந்த மண்ணிலோ, இதில் நடந்த வேலையிலோ ஒரு காரணத்தைக் காட்ட முடியும்.

இனத்தின் பெயர், நாகப்பட்டினம் மாவட்டத்தில் தலைஞாயிற்றுக்கு அருகிலுள்ள உம்பளச்சேரி என்ற ஊரின் பெயர். உம்பளம் என்றால் ஊழியத்துக்காக வரி நீக்கிக் கொடுக்கப்பட்ட மானிய நிலம் என்று அகராதிகள் பொருள் சொல்கின்றன. வேதாரண்யத்து உப்பளங்கள் பக்கத்திலேயே இருப்பதால் உப்பளச்சேரிதான் உம்பளச்சேரி ஆயிற்று என்று சொல்லத் தோன்றும்; தமிழில் ஒரு சொல் இருக்கும்போது இன்னொன்றைத் திரித்துக் கொண்டுவர வேண்டியதில்லை என்பது என் எண்ணம். ஊரின் பெயர் மாட்டுக்கு ஆனது பிற்பாடுதான். உழவர்கள் அதைச் சாதி மாடு என்றும், மொட்டை மாடு என்றும், தெற்கத்தி மாடு என்றும் அழைத்து வந்திருக்கிறார்கள். டெல்டாவின் வடபகுதிக்கும் நடுப்பகுதிக்கும் உழவு மாடு தெற்கிலிருந்து வந்தது என்பதைக் கடைசிப் பெயரே காட்டிக் கொடுக்கிறது. நாகப்பட்டினம், திருவாரூர் மாவட்டங்களும் தஞ்சாவூர் மாவட்டத்தின் கீழ்ப்பகுதியும் இதன் தாயகம். தமிழ்நாட்டின் மற்ற இனங்களில் காங்கேயம் கொங்கு நாட்டின் கொரங்காடு என்ற வறண்ட மேய்ச்சல் நிலத்தில் வளர்ந்தது. பர்கூர் மலைக்காட்டில் வளர்ந்தது. புலிக்குளம் சிவகங்கை, மதுரைப் பக்கம் கிடை மாடாக ஊர் ஊராக நடந்து வளர்ந்தது. ஆலம்பாடி தருமபுரிப் பக்கத்தது. சேற்றில் நின்று வளர்ந்தது உம்பளச்சேரி ஒன்றுதான்.

இதன் கன்றை முதன்முறை பார்ப்பவர், தாய்க்கும் கன்றுக்கும் சம்பந்தமில்லை என்று நினைப்பார். தாய் சாம்பல் நிறத்தில் இருக்கும். கன்று செவலையாகப் பிறக்கும். நெற்றியில் ஒரு வெள்ளைச் சுட்டி, நான்கு கால்களிலும் குளம்புக்கு மேலே சாக்ஸ் போட்டதுபோல வெள்ளை, வால் நுனியிலும் வெள்ளை. ஆறு மாதம் ஆனதிலிருந்து செவலை மெல்ல மங்கத் தொடங்கும். முதலில் கழுத்திலும் திமிலிலும் கருமை ஏறும். பிறகு உடல் முழுவதும் மயிலை என்னும் சாம்பல் நிறத்துக்கு மாறும். இந்த இடைப்பட்ட மாதங்களில் கன்று பழைய சட்டைக்கு மேல் புதுச் சட்டையைப் பாதி போட்டுக்கொண்டு திரிவதுபோல இருக்கும். செவலையாகப் பிறந்து மயிலையாவது காங்கேயத்துக்கும் உண்டு, எனவே இரண்டுக்கும் தொலைவில் ஓர் உறவு இருக்கலாம் என்று கருதுவோர் இருக்கிறார்கள். ஆனால் சுட்டியும் கால் வெள்ளையும் உம்பளச்சேரிக்கே உரிய அடையாளங்கள். காளைக்கு வயது ஏற ஏறத் தலை, கழுத்து, திமில், பின்தொடை எல்லாம் கறுத்துவிடும். காளையைக் காயடித்து எருதாக்கினால் அந்தக் கருமை குறைந்து வெளிறும்.

உயரம் அதிகமில்லை, வளர்ந்த பசு ஏறக்குறைய மூன்றரை அடிதான் நிற்கும். கால்கள் குட்டையானவை, குளம்புகள் சிறியவை, கறுத்தவை, கெட்டியானவை. காங்கேயம் காளையின் கம்பீரத்தைப் பார்த்துப் பழகியவருக்கு இது சற்று ஏமாற்றமாகவே இருக்கும். ஆனால் சேற்றுழவில் மாட்டுக்கு என்ன நேர்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் அந்தக் குட்டைக் கால்களின் அருமை விளங்கும். சம்பாவுக்கும் தாளடிக்கும் வயலில் தண்ணீர் கட்டி, மேல்மண் கூழாகும் வரை நாலைந்து சால் உழுது, பிறகு பரம்படித்துச் சமன்செய்து நாற்று நடுவது டெல்டாவின் பழைய முறை. மாடு இங்கே கலப்பையின் எடையை மட்டும் இழுப்பதில்லை. ஒவ்வோர் அடியிலும் தன் காலையே சேற்றிலிருந்து பிடுங்கி எடுக்க வேண்டியிருக்கிறது. களிச்சேறு காலைச் சுற்றி ஒட்டி, உருவும்போது கீழே காற்றில்லாத பள்ளம் உண்டாகி, இழுவை இன்னும் கூடுகிறது. பிளவுபட்ட குளம்பு இறங்கும்போது விரிந்து பாரத்தைத் தாங்குகிறது; மேலே வரும்போது இரண்டு பிளவும் ஒன்றுசேர்ந்து ஒடுங்குவதால் சேற்றின் பிடி தளர்கிறது. குளம்பு பெரிதாக இருந்தால் அதிகம் ஒட்டும். மாட்டின் எடை அதிகமானால் ஆழமாகப் புதையும். கால் நெடியதாக இருந்தால் உடலின் பாரம் உயரத்தில் நின்று வழுக்கும் தரையில் தடுமாற்றம் வரும். சிறிய குளம்பு, குறைந்த எடை, தரையை ஒட்டிய உடல் ஆகிய மூன்றும் சேர்ந்திருக்கும் மாடு நாள் முழுக்க நடக்கும். வாங்கும்போதும் வளர்க்கும்போதும் உழவர்கள் இப்படிப்பட்ட மாட்டையே தேர்ந்தெடுத்தார்கள். தலைமுறை தலைமுறையாக நடந்த அந்தத் தேர்வின் பெயர்தான் இனம்.

சேற்றுக்கு எருமை இல்லையா என்று ஒருவர் கேட்கலாம். எருமைக் கடா சேற்றில் உழுவதில் சோடை போவதில்லை. கடலோர வயல்களில் அதையும் பூட்டியிருக்கிறார்கள். ஆனால் எருமையின் கருந்தோல் வெயிலை உறிஞ்சும், அதன் வியர்வைச் சுரப்பிகளும் குறைவு. வெயில் ஏறினால் அதற்குத் தண்ணீர் வேண்டும். வண்டியில் பூட்டி நெல் மூட்டையோடு பத்து மைல் போக ஆகாது. பாசன நீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையின் உழவனுக்குத் தேவைப்பட்டது விடியலில் சேற்றில் ஏர் இழுத்து, தை மாசியில் களத்தில் நெற்கதிரை மிதித்துப் பிணை சுற்றி, பங்குனி வெயிலில் வண்டியும் இழுக்கக்கூடிய ஒரே மாடு.

வெயிலைத் தாங்குவது திமிலுள்ள நாட்டு மாடுகள் எல்லாவற்றுக்கும் பொதுவான குணம். ஐரோப்பிய இனங்களைவிட இவற்றின் தோலில் வியர்வைச் சுரப்பிகள் அதிகம், அளவிலும் பெரியவை. மயிர் குட்டையாகவும் வழவழப்பாகவும் படிந்திருக்கும். தொங்கும் அலைதாடி உடலின் பரப்பைக் கூட்டி வெப்பத்தை வெளியேற்ற உதவும். உடலுக்குள் உண்டாகும் வெப்பமே குறைவு. தளர்ந்த தோலைச் சிலிர்த்து ஈயை விரட்டுவதை மாட்டுத்தொழுவத்தில் ஐந்து நிமிடம் நின்றாலே பார்க்கலாம். தீவனத்தில்தான் இந்த மாடு உண்மையில் அதிசயிக்க வைக்கிறது. டெல்டாவில் மழைக்காலம் முழுவதும் மாட்டுக்குக் கிடைப்பது வைக்கோல். நெல் வைக்கோலில் புரதம் நூற்றுக்கு மூன்று நான்கு பங்குதான்; மணற்சத்து நிறைய இருப்பதால் செரிப்பதும் கடினம். வெளியில் வயல், வரப்பு, திடல் எல்லாம் நீரில் கிடக்கும்போது பசும்புல் என்று ஏதுமில்லை. இந்த நிலையில் நாட்டு மாடு, உடலில் உண்டாகும் யூரியாவைச் சிறுநீரில் முழுதும் கழித்துவிடாமல் உமிழ்நீர் வழியாகவும் இரத்தம் வழியாகவும் மீண்டும் இரைப்பைக்கு அனுப்பி, அங்கே வாழும் நுண்ணுயிர்களுக்கு உணவாக்கிக்கொள்கிறது. அசைபோடும் கால்நடை எதற்கும் இந்த ஏற்பாடு உண்டென்றாலும், திமிலுள்ள மாடுகள் இதைச் சிக்கனமாகச் செய்பவை. உடல் சிறிதாக இருப்பதால் உயிரோடு இருப்பதற்கே செலவாகும் தீவனமும் குறைவு. மார்கழியில் எலும்பும் தோலுமாக நிற்கும் பசு, உளுந்தும் பயறும் அறுத்த வயல்களில் இரண்டு மாதம் மேய்ந்தால் மீண்டும் தேறிவிடும்.

இதற்கு ஒரு விலை உண்டு, அதை மறைப்பதில் பயனில்லை. உம்பளச்சேரிப் பசு நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு லிட்டர் பால் தரும்; ஒரு ஈற்றுக்குக் கணக்கிட்டால் ஐந்நூறு லிட்டரை ஒட்டி. கொழுப்பு நூற்றுக்கு ஐந்து பங்கை நெருங்கும், பால் திடமாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் சொற்பத் தீவனத்தில் உயிர் வாழ்வதற்கென்று அமைந்த உடல், நிறையத் தீவனம் கொடுத்தாலும் அதை அதே விகிதத்தில் பாலாக மாற்றாது. உறுதியும் பாலும் ஒரே உடலில் ஒருசேர உச்சத்தில் இருப்பதில்லை. நாட்டு மாட்டைப் பற்றிய மேடைப்பேச்சுகளில் பெரும்பாலும் இந்த இடம் மட்டும் விட்டுப்போகும்.

மொட்டை மாடு என்ற பெயருக்குக் காரணம் மாட்டில் இல்லை, மனிதரின் கையில் இருக்கிறது. இந்த இனத்துக்குக் கொம்பு உண்டு. சிறியதாக, வளைந்து இருக்கும். உழவுக்குப் பழக்கும் எருதுகளின் கொம்பைத் தீய்த்து எடுத்துவிடுவதும், காது மடலின் ஓரத்தை நறுக்கி வடிவாக்குவதும், உடலில் சூடு போட்டுக் கோலம் இடுவதும் இப்பகுதி வழக்கம். கொம்பில்லாத மாட்டை நெருக்கமாகப் பூட்டலாம், ஒன்றையொன்று குத்தாது, ஓட்டுபவனுக்கும் ஆபத்தில்லை என்பது பயன் சார்ந்த காரணம். அழகு என்பது இன்னொரு காரணம். மொட்டைத் தலையும் நறுக்கிய காதும் உள்ள சோடி, பார்க்கும் கண்ணுக்குப் பண்ணையின் தரத்தைச் சொல்லும். இன்றைய கண்ணுக்கு இது கொடுமையாகத் தெரியும், அப்படித் தெரிவதில் தவறும் இல்லை. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் கொம்பு நீக்குவதையும் காயடிப்பதையும் சூடு போடுவதையும் மூக்கணாங்கயிறு போடுவதையும் அடியோடு தடுக்கவில்லை. விதித்த முறைப்படி செய்ய வேண்டும் என்கிறது. காது நறுக்குவது அந்தப் பட்டியலில் இல்லை.

பண்ணை என்ற சொல்லை மேலே போகிற போக்கில் எழுதினேன். அதை இன்னும் கொஞ்சம் விரிக்க வேண்டும், ஏனென்றால் இந்த இனத்தின் வரலாற்றில் பாதி அதில் இருக்கிறது. கீழத்தஞ்சையில் நிலம் சில மிராசுதாரர்களிடமும் கோயில்களிடமும் மடங்களிடமும் குவிந்திருந்தது. பெரிய பண்ணை ஒன்றில் பல சோடி உழவு மாடுகள் நிற்கும். நடவுப் பருவத்தில் ஒரே வயலில் ஏர்கள் வரிசையாக இறங்கும். மாடு பண்ணையாருடையது, அதை உழுதவர், மேய்த்தவர், சேற்றில் அதன் பின்னால் நடந்தவர் பண்ணையாள். பண்ணையாள் வீட்டுச் சிறுவன் பள்ளிக்குப் போக வேண்டிய வயதில் மாட்டின் பின்னால் திரிந்தான். எந்தப் பசுவின் ஈற்று சேற்றில் சோராது, எந்தக் காளையின் கன்று முரண்டு பிடிக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரிந்திருக்கும். இனத்தின் பெருமையைப் பேசும் எழுத்துகளில் அவர்களுக்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை. நிலமில்லாத குடும்பம் மாடு வைத்திருந்தால் பெரும்பாலும் அது வாரத்துக்கு வளர்த்த மாடுதான்: பசு இன்னொருவருடையது, வளர்ப்பவருக்குப் பாலும் சாணியும், பிறக்கும் கன்றில் ஒரு பங்கும். 1952இல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும், அடுத்த பத்தாண்டில் நில உச்சவரம்புச் சட்டமும் வந்தபின் பெரும்பண்ணைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தன. உழுதவருக்கு அது வந்தே ஆக வேண்டிய மாற்றம். அதன் பக்கவிளைவாக, பல சோடிகளும் பொலிகாளையும் ஒரே இடத்தில் நின்ற பெரிய மந்தைகளும் சிதறின.

மாட்டுக்கு வேலை போனது ஒரே நாளில் நடந்துவிடவில்லை. 1960இல் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்கு இந்தியாவில் முதலில் தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. அந்தப் பத்தாண்டின் நடுவில் ஆடுதுறை 27 என்ற உயர்விளைச்சல் ரக நெல் வந்து பரவியது. அதன்பின் வந்தவை பெரும்பாலும் குட்டை ரகங்கள். நெல் பெருகியது, வைக்கோல் குறைந்தது. ஆளுயர நெற்பயிரின் வைக்கோலை நம்பி மழைக்காலத்தைக் கடந்த மாட்டுக்கு இது முதல் அடி. பிறகு டிராக்டரும் பவர் டில்லரும் வந்தன. மூன்று நாள் உழவு மூன்று மணி நேரத்தில் முடிந்தது. ஆண்டில் நாற்பது ஐம்பது நாள் உழவுக்காக ஒரு சோடியை முந்நூற்று அறுபத்தைந்து நாளும் கட்டித் தீனி போடுவது கணக்குக்கு ஒத்துவரவில்லை. அறுவடை இயந்திரம் வந்தபோது களமும் பிணையும் போயின. இயந்திரத்தின் பெல்ட்டுக்கு அடியில் நசுங்கிச் சேற்றோடு கிடக்கும் வைக்கோலை இப்போது இன்னொரு இயந்திரம் உருளையாகக் கட்டி லாரியில் ஏற்றுகிறது. அது பெரும்பாலும் வெளியூருக்குப் போகிறது.

இவற்றைவிட நுட்பமான ஒரு மாற்றம் அதிகம் கவனிக்கப்படாமலே நடந்தது. 1934இல் மேட்டூர் அணை வந்தபின், அணை திறக்கும் நாளான ஜூன் 12 என்ற தேதி டெல்டாவுக்கு ஒரு பண்டிகை நாள் போல ஆகிவிட்டது. ஆனால் அணை திறந்தாலும் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். அணை காலத்தில் திறக்காத ஆண்டுகளோ பல. தண்ணீரை நம்பி நாற்று விட முடியாத நிலையில், தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கத்து உழவர்கள் காய்ந்த மண்ணைப் புழுதியாக உழுது நேரடியாக விதைக்கத் தொடங்கினார்கள். மழை விழுந்ததும் முளைக்கும்; நாற்றங்காலும் இல்லை, நடவும் இல்லை, சேற்றுழவும் இல்லை. உம்பளச்சேரி மாட்டைச் செதுக்கிய வேலையே அதன் சொந்த ஊரில் பெருமளவு நின்றுவிட்டது. வெடித்துக் கெட்டியான களிமண்ணைக் கோடையில் உழுவது மாட்டால் ஆகிற காரியமில்லை; அதற்கு டிராக்டர்தான்.

மேய்ச்சலும் சுருங்கியது. கடலோரத்துத் திடல்களும் உவர் நிலங்களும் ஒரு காலத்தில் ஊர் மாடுகளின் கோடைப் புகலிடம். 1990களில் நாகப்பட்டினம் கடற்கரை நெடுக இறால் பண்ணைகள் பெருகின. காந்தியவாதியான எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர இறால் வளர்ப்பைக் கடுமையாகக் கட்டுப்படுத்தும் தீர்ப்பைத் தந்தது; வழக்கில் பெரிதாகப் பேசப்பட்டவை நிலத்தடி நீரும் விளைநிலமும். மேய்ச்சல் புறம்போக்குக்கு எப்போதும் வழக்காட ஆளில்லை. மிச்சமிருந்த திடல்களில் சீமைக் கருவேலம் ஏறிக்கொண்டது. அதன் காயை மாடு தின்னும், ஆனால் அதனடியில் புல் வளராது.

கலப்பினம் வந்ததைத் துரோகம் என்று எழுதுவோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தமிழ்நாட்டின் இனப்பெருக்கக் கொள்கை சமவெளிக்கு ஜெர்சிக் கலப்பையும் மலைக்கு ஹோல்ஸ்டீன் பிரீசியன் கலப்பையும் பரிந்துரைத்தது. நாட்டு இனங்களை அவற்றின் தாயகத்தில் தூயதாகப் பெருக்க வேண்டும் என்றும் சொன்னது. இரண்டாவது பகுதி தாளில் தங்கியது, ஏனென்றால் உழவு போனபின் மாட்டிடம் மிஞ்சிய வருமானம் பால் ஒன்றே. கூட்டுறவுச் சங்கத்தில் நாள்தோறும் எட்டு லிட்டர் ஊற்றும் பசுவும் இரண்டு லிட்டர் ஊற்றும் பசுவும் நிலமற்ற ஒரு குடும்பத்துக்கு எப்படி ஒன்றாகும்? கொழுப்பைப் பார்த்து விலை கூட்டிப் போட்டாலும் அந்த இடைவெளி அடைபடாது. 2012க்கும் 2019க்கும் இடையே இந்தியா முழுவதிலும் நாட்டு மாடுகள் நூற்றுக்கு 6 குறைந்தன, அயலினமும் கலப்பினமுமான மாடுகள் நூற்றுக்கு 26க்கும் மேல் கூடின என்று கால்நடைக் கணக்கெடுப்பு சொல்வதில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை.

ஆயினும் கலப்பின மாட்டை வைத்துக் காப்பாற்றுவது கடைமடையில் எளிதன்று. ஈரத் தரையில் நிற்கும் மாட்டுக்கு மடிநோய் வரும், குளம்பு அழுகும். நத்தை நிறைந்த வயல் புல்லிலிருந்து தட்டைப்புழு ஈரலுக்குப் போகும். 2013இல் கோமாரி டெல்டா மாவட்டங்களைத் தாக்கியபோது பலர் தங்கள் ஒரே சொத்தை இழந்தார்கள். நாட்டு மாடுகளுக்கு அந்த நோய் வருவதே இல்லை என்று அப்போது பரவிய பேச்சு சரியன்று. அவற்றுக்கும் வரும், பெரும்பாலும் தாங்கி எழும் என்பதே பொருத்தம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரையேறியபோது எந்த இனம் என்று பார்த்து விடவில்லை. கொட்டகை மேலே விழுந்தால் உம்பளச்சேரியும் சாகும். அடுத்த வாரங்களில்தான் வேறுபாடு தெரியத் தக்கது: தீவனமும் நல்ல தண்ணீரும் மருத்துவரும் இல்லாத நாள்களில், எதையோ தின்று எங்கோ நின்று உயிரைப் பிடித்துக்கொள்ள எந்த உடலால் முடியும் என்பது. உறுதி என்ற சொல்லுக்கு இவ்வளவுதான் பொருள். மந்திரம் எதுவும் இல்லை.

இனத்தைக் காக்க அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. திருத்துறைப்பூண்டிக்கு அருகே கொருக்கையில் 1968 முதல் அரசு கால்நடைப் பண்ணை உம்பளச்சேரி மாடுகளைத் தூயதாகப் பெருக்கி வருகிறது. தஞ்சாவூரை அடுத்த ஈச்சங்கோட்டையில் உறைவிந்து நிலையம் இருக்கிறது. அரியானா மாநிலம் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளப் பணியகம் இதைத் தனி இனமாகப் பதிவு செய்திருக்கிறது. இவை இல்லாதிருந்தால் நிலைமை இன்னும் மோசமாக இருந்திருக்கும். ஆனால் பண்ணையில் காப்பாற்றப்படுவது எது என்பதையும் கேட்க வேண்டும். அங்கே சுட்டியும் கால் வெள்ளையும் நிறமும் சரியாக இருக்கும் கன்று தேர்வாகும். சேற்றில் நாள் முழுக்க ஏர் இழுக்குமா என்று சோதித்துத் தேர்ந்தெடுக்க அங்கே வழியில்லை, சோதிக்க வேண்டிய வேலையும் வெளியே இல்லை. சில காளைகளின் விந்தே எங்கும் போவதால் நெருங்கிய உறவுக்குள் இனம் சுருங்கும் ஆபத்தும் இருக்கிறது.

பண்ணைக்கு வெளியேயும் தேர்வு நடந்துகொண்டுதான் இருக்கிறது, வேறு திசைகளில். 2017க்குப் பின் சல்லிக்கட்டு மீண்டும் வந்ததும் தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கம் உம்பளச்சேரிக் காளைகளுக்குத் தேவை எழுந்தது. காளைக்கன்றைக் கசாப்புக்கு அனுப்பாமல் வைத்துக்கொள்ள ஒரு காரணம் கிடைத்தது நல்லதே. ஆனால் வாடிவாசலுக்கு வேண்டியது முரட்டுத்தனமும் பாய்ச்சலும்; ஏருக்கு வேண்டியிருந்தது சொன்னால் நிற்கும் குணம். நகரத்தில் ஏ2 பால் என்று அதிக விலைக்கு விற்போர் இன்னொரு பக்கம். அவர்களுக்கு வேண்டியது நாட்டுப் பசு என்ற பெயரும் கூடுதல் மடியும். அதிகப் பால் கறக்கும் பசுவாகப் பார்த்துப் பெருக்கினால் இருபது ஆண்டில் கொஞ்சம் அதிகப் பால் கறக்கும் பசு கிடைக்கும். மார்கழி வைக்கோலில் உயிர் பிழைக்கும் பசு கிடைக்குமா என்பதற்கு உறுதி இல்லை. ஒரு வேலைக்காக உருவான இனம், அந்த வேலை போனபின் எந்த வேலை கிடைக்கிறதோ அதற்கேற்ப மாறிவிடும். பெயரும் நெற்றிச் சுட்டியும் மாறாமல் இருப்பதால் நமக்கு மாற்றம் தெரியாது.

இதே வட்டாரத்தில் நெல்லுக்கு நேர்ந்ததோடு ஒப்பிட்டால் மாட்டின் சிக்கல் துலங்கும். திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் தொடங்கி நடத்திய நெல் திருவிழாவில் பழைய ரக விதை இரண்டு கிலோ கொடுத்து, மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தரச் சொன்னார்கள். உவர் நிலத்தில் விளையும் குழியடிச்சானும் ஆளை மறைக்க வளரும் காட்டுயானமும் அப்படித்தான் மீண்டும் வயலுக்கு வந்தன. அவற்றோடு நீண்ட வைக்கோலும் வந்தது; அந்த வயல்களின் ஓரத்தில் உம்பளச்சேரி மாடுகளும் ஆங்காங்கே நிற்பது தற்செயலன்று. ஆனால் மாடு ஓர் ஆண்டில் இரட்டிப்பாகாது. கிடேரி முதல் கன்று ஈன நான்கு வயதை ஒட்டிவிடும். ஈன்றாலும் பாதிக்குப் பாதி காளைக்கன்று. காளைக்கன்றை யார் வாங்குவார் என்று தெரியாத வீட்டில் அதற்குப் பால் விட மனம் வராது. இயற்கை வேளாண்மை செய்வோர் சாணத்துக்கும் கோமியத்துக்கும் ஓரிரு நாட்டு மாடுகளை வைத்துக்கொள்கிறார்கள். அவை காளையோ கிடேரியோ எதுவானாலும் பயன்படும் என்பதால் இன்றைக்குக் காளைக்கன்று தப்பிப் பிழைக்கும் இடங்களில் அதுவும் ஒன்று.

மற்றபடி இந்த இனத்தின் தலைவிதி ஊர்தோறும் ஒரு நிமிட உரையாடலில் தீர்மானமாகிறது. பசு கத்திக்கொண்டு நிற்கிறது. சினை ஊசி போட ஆள் வந்திருக்கிறார். மோட்டார் சைக்கிளில் கட்டி வந்த கேனைத் திறந்ததும் திரவ நைட்ரஜனின் வெண்புகை தொழுவத்துத் தரையில் வழிகிறது. சீனிச்சாக்கில் கையைத் துடைத்துக்கொண்டு, எந்த ஊசி போட என்று கேட்கிறார். நெற்றியில் சுட்டியுள்ள சாம்பல் பசுவின் கழுத்தைத் தடவியபடி வீட்டுக்காரம்மா கொஞ்சம் யோசிக்கிறார், சங்கத்துப் பால் பணத்தை நினைக்கிறார். “ஜெர்சியே போட்டுடுங்க தம்பி.”